ஏழாவது கட்டம்

படிவத்தில் ஏழாவது கட்டம் மிகச் சிறியது.
தீப்பெட்டி அட்டை அளவுதான்.
'நடந்ததைச் சுருக்கமாக எழுதவும்.'

பத்தொன்பது வருடமாக
அந்தக் கட்டத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.
மார்செய், நுகர்வோர் புகார் பிரிவு, இரண்டாவது மாடி.
ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்து டீசல்,
மூடினால் பிரிண்டர் மை.

வருகிறவர்கள் ரசீதை அப்புறம்தான் எடுப்பார்கள்.
முதலில் ஒரு சொல்லை எடுத்து மேசைமேல் வைப்பார்கள்.

ரொட்டிக்கடை ஒனொரே
புது அடுப்புக்கு முன்பணம் கட்டினார்.
பணம் போனது, அடுப்பு வரவில்லை.
"மாவில் போட்டு உருட்டிவிட்டான், மேடம்."
இங்கே எல்லாரும் சொல்வதுதான்.
ஆனால் அவர் சட்டைக் கையில் நிஜமாகவே மாவு.
சிரிப்பை இருமலாக்கிக்கொண்டேன்.

கோழி விற்கும் ஃபனெத்
வாய் திறக்குமுன் கையால் காட்டினாள்:
கழுத்து, இறக்கை, வால்பக்கம்.
ஒரு இறகு மிச்சமில்லை.

சுங்க இலாகாவில் ஓய்வுபெற்ற மொஸ்யே தெரியாதெக்
கல்யாண நாளுக்கு மனைவியை மீன் சூப் சாப்பிட அழைத்துப்போனார்.
மீனுக்கு எடைக்கணக்கில் விலை என்று
பில்லில்தான் எழுதியிருந்தது.
"துப்பாக்கியால் சுட்டார்கள்," என்றார்.
பக்கத்தில் மனைவி, குண்டு பட்டவள் போலவே,
கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஃபவுஸியாவிடம் மட்டும் சொல் இல்லை.
கொமோரோவிலிருந்து படிக்க வந்த பெண்.
அறைக்கு இரண்டு மாத வாடகை அனுப்பியிருந்தாள்.
"அந்த முகவரிக்குப் போனேன்.
அங்கே சுவர் இருந்தது."
எதையோ தானே தொலைத்ததுபோல மன்னிப்புக் கேட்டாள்.

மாவு, இறகு, குண்டு, சுவர்,
எல்லாவற்றையும் துடைத்துவிட்டு
ஏழாவது கட்டத்தில் எழுதுவேன்:
'விலை தொடர்பான முறைகேடு.'
மாவு உதிராத சொல். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

போன நவம்பரில்
குப்பையைக் கொட்டப் படி இறங்கினேன்.
காற்று என் கதவைச் சாத்திவிட்டது.
பூட்டவில்லை, வெறுமனே சாத்தியது.
காலில் செருப்பு, கையில் காலி வாளி, இரவு பதினொன்றரை.
தபால் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில்
நகராட்சிச் சின்னம் மாதிரி ஏதோ ஒன்று,
அதன் கீழே ஒரு எண்.
பக்கத்து வீட்டுப் பையன் போன் கொடுத்தான்.

வந்தவன் மரியாதையானவன்.
காலணியைத் துடைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தான்.
ஒரு பிளாஸ்டிக் தகடு போதும் அந்தக் கதவுக்கு.
எனக்குத் தெரியும். நூறு புகாரில் நானே எழுதியிருக்கிறேன்.
அவன் துளைபோடும் இயந்திரத்தை எடுத்தபோது
நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.
தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டேன்.

எண்ணூற்று நாற்பது யூரோ.
மூன்று காசோலையாகக் கொடுக்கலாம், பரவாயில்லை என்றான்.
நன்றி சொன்னேன்.
நான்தான், அவனுக்கு.

எங்கள் மொழியில் இதற்கு ஒரு வாக்கியம் உண்டு.
தெருவில் குழந்தைகூடச் சொல்லும்.
பிரித்துப் போட்டுப் பார்த்தால்,
'என்னை எடுத்துக்கொள்ளும்படி நானே செய்துகொண்டேன்.'
எடுத்தவன் அந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை.
இலக்கணம் அவனைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டு
என்னை உட்கார வைத்து விசாரிக்கிறது.
அன்றிரவு புதுப் பூட்டைப் பார்த்தபடி
அதைத்தான் சொன்னேன், மூன்று தடவை, சத்தமாக.

புகார் கொடுக்கவில்லை.
படிவம் என் இழுப்பறையிலேயே கட்டுக் கட்டாக இருக்கிறது.

இன்று காலை பஸ் ஓட்டுநர் ஒருவர்,
பெயர் லூபியானோ, கழுத்தில் இன்னும் அடையாள அட்டை.
மேசைமேல் ஒரு சீட்டை வைத்தார்.
அதே சின்னம். அதே எண்.
"மொட்டையடித்துவிட்டான், மேடம்," என்று
தொப்பியைக் கழற்றினார்.
ஏற்கெனவே வழுக்கை.
இருவருமே அதைக் கவனிக்காத மாதிரி இருந்தோம்.

எவ்வளவு என்று கேட்டேன்.

அறுநூற்றுப் பத்து.

பத்தொன்பது வருட அனுபவம் எனக்கு.
கோபம்தான் முதலில் வந்திருக்க வேண்டும்.
வந்தது பொறாமை.

பேனாவைத் திறந்தேன்.
ஏழாவது கட்டத்தைத் தாண்டி
எட்டாவதைப் பார்த்தேன்:
'இதே நபரால் பாதிக்கப்பட்ட வேறு எவரையாவது
உங்களுக்குத் தெரியுமா?'

லூபியானோ தெரியாது என்று தலையாட்டினார்.
என் பேனா அங்கேயே நின்றது,
மை ஒரு புள்ளியாக ஊறிக்கொண்டு.